எல்லோரும் எழுந்து நில்லுங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

நலம் என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் அண்ணி நடுவில் கிடந்து அல்லாடுவாள். கடிதத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

என் மகள், உன் மருமகள், இந்த வருடம் பள்ளி முடிக்கிறாள். நிறைவு விழாவில் மாணவர்கள் சார்பில் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வீடே ஆடியது. என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளைகூட வாய் திறந்து, "பரவாயில்லையே" என்றார் என்றால் பார்த்துக்கொள். போன வாரம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, பேச்சுக்கு முன்னால் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபம் நடத்த வேண்டும் என்றிருக்கிறார். நம் சபையில் சொல்கிற அதே ஜெபம்.

"பேசுறேன் மிஸ். ஜெபம் மட்டும் வேண்டாம்" என்றிருக்கிறாள் இவள்.

"உங்க மாமா போதகர்தானே? உனக்கென்ன கூச்சம்?"

"கூச்சமெல்லாம் இல்ல மிஸ். நான் கடவுள்கிட்ட தினமும் பேசுறேன். மைக்ல பேச மாட்டேன். அதுவும் இஷ்டமில்லாதவங்களையும் நிக்க வச்சிட்டு."

அவள் யாரை மனதில் வைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள், சின்னப் பெண், நான் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில்தான் வருகிறாள். அவர்கள் வீட்டு வழிபாடு வேறு. போன வருட விழாவில் அவள் தலை குனியவில்லை என்று ஒரு டீச்சர் கையைப் பிடித்து வெளியே வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து, "டிரைவரம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டது. அதன் ஸ்டாப் வந்ததும் கதவைத் திறந்துவிட்டேன்.

தலைமையாசிரியையிடம் நானே போய்ப் பேசினேன். இது அரசுப் பள்ளி, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்றேன். "காலங்காலமா நடக்குது. நீங்க பஸ்ஸைப் பாருங்க, பள்ளிக்கூடத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். ஜெபம் சொல்லாவிட்டால் பேச்சும் இல்லை, வேறு பிள்ளை பேசும் என்று முடித்துவிட்டார்.

அண்ணா, நான் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். வெளியே 'ஒரு பெற்றோர்' என்றுதான் வரும். நான் யார் என்பது எங்கள் வீட்டுக்கும் வக்கீலம்மாவுக்கும் நீதிபதிக்கும்தான் தெரியும். இப்போது உனக்கும். ஊர் வாயிலிருந்து நீ கேட்பதைவிட என்னிடமிருந்து கேட்பது நல்லது என்றுதான் எழுதினேன். அண்ணியிடம்கூடச் சொல்லாதே.

கையெழுத்துப் போடும்போது தைரியமாகத்தான் இருந்தது. படி இறங்கி வரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இன்னும் பார்க்கிறேன்.

உன் தங்கை

பிப்ரவரி 15

தங்கைக்கு,

ஜெபக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது. ஏணியில் ஏறி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். உன் அண்ணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "என்ன, யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமில்ல" என்றேன். போதகர் சொல்கிற பொய் அது.

நீ கடவுளைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறாய். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிட ஜெபம். பிள்ளைகள் வெளி உலகத்துக்குப் போகிற நேரத்தில் அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிற ஜெபம். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தச் சின்னப் பிள்ளையை வெளியே நிறுத்தியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அந்த டீச்சரைக் கண்டிக்கலாம். ஜெபத்தையே நிறுத்த வேண்டுமா?

என்னைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்தாயா? வாரம் தவறாமல் மேடையில் நின்று ஜனங்களை ஜெபிக்கச் சொல்கிறவன் நான். என் கூடப்பிறந்தவளே ஜெபம் வேண்டாமென்று வழக்குப் போட்டாள் என்றால் எந்த முகத்தோடு நிற்பேன்?

கோபத்தை எழுதிவிட்டேன். மீதி பயம். உன் ஊர் ஆட்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள். நல்லவர்களுக்குக் கோபம் வந்தால் தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் எங்கேயும் நிற்க மாட்டார்கள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். இன்னும் நேரம் இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கடவுளை நான் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. தலைமையாசிரியையைத்தான் இழுத்தேன். இரண்டு பேரும் ஒருவரே என்று அவர் நினைத்தால் நான் என்ன செய்ய?

சிரிப்பதற்காக எழுதினேன். சிரிப்பு வரவில்லை.

நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுவிட்டது. பள்ளி நடத்துகிற விழாவில் ஜெபம் கூடாது. உத்தரவு வந்த மறுநாளே ஊர் மாறிவிட்டது. எந்த பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினாலும் பெற்றோர்கள் கூட்டமாக நின்று அதைத்தான் பேசுகிறார்கள். நான் கதவைத் திறந்ததும் என்னையும் பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்கள். "யாரா இருக்கும், உங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஊர் பூரா சுத்துறீங்களே." நான் பிள்ளைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

டிப்போவில் சூப்பர்வைசர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எங்கள் பெயரையெல்லாம் எழுதி ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். ஜெபம் வேண்டும் என்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். யார் போட்டார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. போடாதவர் யார் என்றுதான் பார்க்கிறார்கள். நான் தண்ணீர் குடிக்கவே போகாமல் இருந்தேன். ஒருநாள் பார்த்தால் என் பெயருக்கு நேரே கையெழுத்து இருக்கிறது. உன் மாப்பிள்ளை! டிப்போ ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "உயிரோட இரு, அது போதும்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஊர் கண்ணாடிக் கடைக்காரர்தான் மனுப் போட்டார் என்று முடிவு கட்டிவிட்டது. வேறு யாராக இருக்கும், போன வருடம் அவர் மகளைத்தானே வெளியே நிறுத்தினார்கள் என்று கணக்கு. கடை ஷட்டரில் கழிவு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். கண் பரிசோதனைக்கு யாரும் போவதில்லை. பஸ்ஸில் அந்தப் பெண் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். அது ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டு, தன் பையைப் பக்கத்தில் வைத்து அதன்மேல் கை போட்டுக்கொண்டு வருகிறது. ஆள் இருப்பதுபோல.

பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டேன். பார்க்க முடியவில்லை.

நீ கேட்டபடி மனுவைத் திரும்ப வாங்கலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். வாங்கலாமாம். ஆனால் அதனால் அந்தக் குடும்பத்தை ஊர் விட்டுவிடுமா? 'பயந்து ஓடினார்கள்' என்று இன்னும் அடிப்பார்கள். நானாகப் போய் மாட்டிக்கொண்ட இடத்தில் அவர்களை நிறுத்திவிட்டேன். என்ன செய்ய, சொல்.

உன் தங்கை

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். அதற்குள் எனக்கே ஒன்று வந்து சேர்ந்துவிட்டது.

உன் பள்ளியின் விழாக் குழுத் தலைவர், இரும்புக் கடைக்காரர், எனக்குப் போன் செய்தார். "ஐயா, பள்ளிக்கூடம் ஜெபம் நடத்தக் கூடாதுன்னுதானே உத்தரவு? சிறப்பு விருந்தினர் என்ன பேசணும்னு எவனும் உத்தரவு போட முடியாதே. நீங்க வாங்க. மைக் உங்க கையில. அப்புறம் ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். ஏன் என்னைக் கூப்பிடுகிறீர்கள் என்றேன். "உங்க தங்கச்சி நம்ம பஸ் ஓட்டுறவங்கதானே? தங்கமான பொண்ணு. நம்ம ஆளுங்கிற உரிமைதான்" என்றார்.

தங்கமான பொண்ணு! மறுத்தால் ஏன் மறுக்கிறான் என்று யோசிப்பார்கள். யோசித்தால் உன்னிடம் வந்து நிற்பார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். அது மட்டும் காரணமில்லை. ஜெபம் செய்ய வா என்று ஒருவர் கூப்பிட்டு நான் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. உனக்கு விரோதமாக வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மெதுவாக, யார் மனமும் நோகாதபடி நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவேன்.

அதுவரை வாயைத் திறக்காதே. கண்ணாடிக் கடைக்காரருக்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 4

அண்ணா,

நீ வேண்டிக்கொண்டது போதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ரயில்வே கேட் தாண்டி பஸ் மேடேறும்போது ஒரு கல் வந்து ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த ஜன்னல். எப்போதும் அங்கேதான் உட்காரும் என்று தெரிந்து எறிந்தது. பிரேக் போட்டதும் பிள்ளைகள் எல்லாம் ஒரே கத்தல். அது மட்டும் கத்தவில்லை. முடியெல்லாம் கண்ணாடித் தூள், நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்குகிறது, பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "டிரைவரம்மா, பஸ்ஸை நான் உடைக்கல" என்றது.

அவர் கடையிலிருந்து ஓடி வந்தார். கண் பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்து, இரண்டு கண்ணிலும் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கை கொஞ்சம்கூட ஆடவில்லை. கண்ணுக்குள் ஒன்றும் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆட ஆரம்பித்தது. டார்ச்சை அணைக்க முடியவில்லை அவரால். நான் வாங்கி அணைத்தேன்.

"வீட்டைக் காலி பண்றோம்மா. பரீட்சை முடியட்டும்னு பாத்தேன்" என்றார். யாரையும் திட்டவில்லை. யார் எறிந்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அது தெரிந்துவிட்டால் இன்னும் பயமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

டிப்போவில் இரண்டு டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். "பாவம்தான். ஆனா இவங்க எதுக்கு வம்பை இழுத்தாங்க?" சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "நீங்க பயந்துட்டீங்களா? டீ குடிங்க" என்றார். டீ வாங்கிக் குடித்தேன் அண்ணா. தொண்டைக்குள் போனது.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அதில் எழுந்து சொல்லப் போகிறேன். உன் மருமகளிடம் கேட்டுவிட்டேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அப்புறம் வந்து "சொல்லும்மா" என்றாள்.

உன் தங்கை

ஏப்ரல் 9

கடுகு,

சின்ன வயதில் கூப்பிட்ட பெயரால் கூப்பிடுகிறேன், அந்த வயதில் கேட்டதுபோல இந்த ஒரு தரம் நான் சொல்வதைக் கேள். சொல்லாதே. நான் வரும்வரை பொறு. தலைமையாசிரியையிடமும் இரும்புக் கடைக்காரரிடமும் நான் பேசுகிறேன். என் வார்த்தைக்கு மரியாதை உண்டு.

ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்று சொல்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கூடத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். செய்தி இங்கேயும் வந்துவிட்டது. என் சபையில் ஒரு பெரியவர், என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மனுப் போட்டவன் எவனோ, அவன் வீட்டோட வச்சுக் கொளுத்தணும்." எல்லோரும் சிரித்தார்கள். கோபத்தில் சொல்லவில்லை அவர். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். கொஞ்சம் முன்னால்தான் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்திருந்தோம்.

அது என் தங்கை என்று நான் சொல்லவில்லை. கையில் கப் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வார்த்தைக்கு மரியாதை உண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன், பார். எங்கே இருந்தது அது?

என் கூடத்திலேயே இப்படியென்றால் உன் ஊரில் எப்படி இருக்கும்? சொல்லாதே. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளும் கும்பிட்டுக் கேட்கிறாள்.

அண்ணன்

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போனேன்.

பள்ளி ஹால் நிறைய ஆட்கள். இரும்புக் கடைக்காரர் எழுந்து, "கல்லு யாரு எறிஞ்சாங்கன்னு நமக்குத் தெரியாது. ஏன் எறிஞ்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடிக் கடைக்காரங்க போயிட்டா ஊர் பழையபடி ஆயிடும்" என்றார். கை தட்டினார்கள். கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி, அந்தப் பெண்ணின் அம்மா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் தட்டினார்கள்.

எழுந்தேன். "மனுப் போட்டது அவங்க இல்ல. நான்."

முதலில் சிரித்தார்கள். டிரைவரம்மா விளையாடுகிறாள் என்று. "கேஸ் நம்பர் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்புறம் அதற்கு அடுத்தவர். சுற்றிலும் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும்தான். யாராவது திட்ட மாட்டார்களா என்று இருந்தது. அப்போது உன் மாப்பிள்ளை எழுந்து, "நானும்தான்" என்றார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். "உங்க நல்லதுக்குத்தான், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க." வீட்டுச் சுவரில் யாரோ எழுதிவிட்டுப் போகிறார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று உனக்கு எழுத மாட்டேன். காலையில் எழுந்ததும் உன் மாப்பிள்ளை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் வெள்ளை அடித்துவிட்டு வருகிறார். "ஊரு வீட்டுக்கெல்லாம் அடிச்சேன், நம்ம வீட்டுக்கு இப்பதான் நேரம் வந்துருக்கு" என்கிறார். அவருக்கு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குச்சியால் தள்ளித்தான் திறக்கிறோம். உன் மருமகள் ஜன்னல் பக்கம் படுப்பதில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் நன்றி சொல்ல வரவில்லை. வந்தார், ஆனால் வேறு கேட்டார். "இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல? என் பொண்ணு நெத்தியில தையல் போட்ட பிறகுதான் சொல்லணுமா?" என்ன சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

வக்கீலம்மா சண்டை போட்டதில் உன் மருமகளுக்குப் பேச்சு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் உன்னை வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. இன்னும் குஷியாகிவிட்டார்கள். கூடப்பிறந்த அண்ணனே வந்து ஜெபம் செய்தால் இவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று இரும்புக் கடையில் பேசிச் சிரிக்கிறார்களாம். போஸ்டரில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் வீட்டில் இறங்காதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

உன் தங்கை

மே 14

அன்புத் தங்கைக்கு,

விழாவன்று போலீஸ் ஜீப்பில் ஏற்றி என்னை ரயில்வே ஸ்டேஷனில் விட்டார்கள். உன்னிடம் சொல்லிக்கொண்டு வர விடவில்லை. கதவு சாத்திய பிறகு உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை. உன் பெண் என்ன சொன்னாளோ தெரியாது. நான் சொல்கிறேன்.

ஜெபம் செய்யத்தான் வந்தேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும். மெதுவான ஜெபம், உனக்காகவும் ஒரு வரி சேர்த்து, ரயிலில் வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன்னைப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தால் ஊர் உன்னை விட்டுவிடும் என்று நம்பினேன்.

மேடையில் நான் மைக்குக்குப் போனபோது நீ மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளையோடு இருந்தாய். உங்களைச் சுற்றி நாற்காலிகள் காலி. ஓட்டப் பந்தயப் பரிசு வாங்க வந்திருந்த அந்தச் சின்னப் பெண் நெற்றியில் தையல் தழும்போடு முன் வரிசையில் இருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். ஒரு டீச்சர் அதனிடம் போய்க் குனிந்தார். மேடையில் இருந்த எனக்கே கேட்டது. "வா கண்ணு, கொஞ்ச நேரம் வெளியே நிக்கலாம். உனக்கு நல்லது." அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் கேள்வியே கேட்காமல் எழுந்து போனது. பழகிவிட்டது அதற்கு. நீ எழுந்து பின்னாலேயே ஓடினாய். கதவு சாத்திக்கொண்டது.

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. என் வாயிலிருந்து வரப்போகிற ஜெபத்துக்காக ஒரு குழந்தையை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"யாரும் எழுந்திருக்க வேணாம். நான் ஜெபம் பண்ணப் போறதில்ல" என்றேன். இன்னும் பெரிதாகப் பேசியிருக்கலாம். எனக்கு வந்தது அதுதான்.

இரும்புக் கடைக்காரர் எழுந்து, "ஐயா பண்ணலன்னா என்ன, நாம பண்ணுவோம்! எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்று கத்தினார். கூடம் முழுக்க எழுந்தது. ஜெபத்தை ஆரம்பித்தார்கள். அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஜெபம். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் யாரும் கண்ணை மூடவில்லை. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்கள். அவர் நடுவில் தனியாக உட்கார்ந்து, பெயிண்ட் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் காலால் தரையை உதைத்தார்கள். மேடைப் பலகை அதிர்ந்தது. அந்த வார்த்தைகளைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. நான் தினமும் சொல்கிற வார்த்தைகள்.

திரும்பிப் பார்த்தேன். மாணவர்கள் வரிசை முழுக்க நிற்கிறது, நம் பெண் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு எழுதிய தாளைச் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். பக்கத்து நாற்காலி காலி. போய் உட்கார்ந்தேன். "மாமா, பேச முடியுமான்னு தெரியல" என்றாள். "எனக்கும் முடியலடா" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கு யார் தைரியம் கொடுத்தோம் என்று தெரியாது. கூடத்தில் ஒரு பாட்டிலைத் தூக்கி எறிந்தார்கள். அதோடு போலீஸ் உள்ளே வந்துவிட்டது. அவள் பேசவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. சபையில் கூட்டம் போடப் போகிறார்கள், என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்புறம் போய்விட்டார். நான் கூப்பிட்டு நிறுத்தி, "மனுப் போட்டது என் தங்கச்சி" என்றேன். "தெரியும்" என்றார். அப்படியே நடந்து போய்விட்டார்.

பெண்ணை இங்கே அனுப்பு. கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணி அறையைக் காலி செய்துவிட்டாள்.

அண்ணன்

ஜூன் 19

அன்புள்ள அண்ணா,

உன் மருமகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறாள். அப்பாவிடமிருந்து வந்த வியாதி. உன்னைச் சபையில் பிரசங்கம் செய்ய விடுவதில்லை என்றும் கூரை அடைக்கிற வேலை மட்டும் தந்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏணியை யாராவது பிடிக்கிறார்களா?

இறுதித் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்துவிட்டது. பள்ளி விழாவில் ஜெபம் இல்லை, விருந்தினர் பெயரிலும் இல்லை. வக்கீலம்மா போனில் வாழ்த்துச் சொன்னார். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் கேட்டேன்.

கண்ணாடிக் கடைக்காரர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. போகும்போது அந்தப் பெண் லாரியில் முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் கை காட்டினேன். அதுவும் காட்டியது. அவர் காட்டவில்லை.

என்னை வேலையை விட்டு எடுக்க டிப்போவுக்கு விதி இல்லையாம். நேற்று சாவியைத் திருப்பித் தந்தார்கள். பழைய ரூட்டேதான். இன்று காலை ஓட்டினேன்.

முதல் ஸ்டாப்பில் இரும்புக் கடைக்காரரின் பேத்தி, அம்மாவோடு நின்றாள். கதவைத் திறந்தேன். அந்தம்மா பிள்ளையின் கையை விடவில்லை. நானும் ஏறு என்று சொல்லவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையிடம் குனிந்து, "ஜன்னல் பக்கம் உக்காராத. நடுவுல உக்காரு" என்றாள்.

என் பஸ்ஸில் மறுபடி கல் விழலாம் என்று அவளுக்கும் தெரியும். யார் எறிவார்கள் என்று என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

பிள்ளை ஏறி நடுவில் உட்கார்ந்தது. அடுத்த ஸ்டாப் ரயில்வே கேட் தாண்டி, அதே மேடு. அங்கே ஏறிய பிள்ளைகள் எல்லோரையும் நடுவில் வந்து உட்காரச் சொல்லிவிட்டு, கியரை மாற்றினேன்.

உன் தங்கை